யாரிடம் நீட்டப்போகிறீர்கள் அந்தச் சான்றிதழை?

வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. வயது 33. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு. தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம். பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, பிறகு வணிகவியல் எடுத்து, தனித்தேர்வராக பி.காம். தேறியவர். மோட்டார், பைப் விற்கும் கடையில் ஏழு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறார். சம்பளம் 14,000 ரூபாய். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மகன் நான்காம் வகுப்பு.

புதிதாக ஏதாவது படித்து மேலே வர வேண்டும் என்று கைபேசியில் தேடியபோது ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில், முழுக்க இணையவழியில், 'டேட்டா அனலிட்டிக்ஸ்' முதுநிலைப் பட்டம். கட்டணம் 1,65,000 ரூபாய். அன்றிரவுக்குள் சேர்ந்தால்தான் சலுகை. முன்பணமாக 5,000 கட்டிவிட்டார். மீதிக்கு "வட்டியில்லாத் தவணை", மாதம் 7,400 வீதம் 24 மாதம். பேச்சுவாக்கில் ஓ.டி.பி.யை இரண்டு முறை சொல்லியும் விட்டார். மறுநாள் காலையில் பயம் பிடித்துக்கொண்டது. "அக்கவுண்டில் பணம் வைக்காதே, தானாக நின்றுவிடும்" என்கிறார் கணவர். "பேசாமல் பி.எஸ்.சி.க்குப் படி" என்கிறார் நாத்தனார்; கேரள அரசுப் பணித் தேர்வாணையத் தேர்வைச் சொல்கிறார். இணையவழிப் பட்டம் செல்லுமா, அரசு நடத்தும் இலவசப் படிப்புகளுக்கு மதிப்பு உண்டா, தன் ஆங்கிலத்துக்கு இதெல்லாம் சரிப்படுமா, கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

'டீச்சர்' என்று விளித்து எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியை விட்டு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பாலக்காட்டுக் கடிதங்களில்தான் அந்தச் சொல் எனக்கு இன்னும் கிடைக்கிறது. அந்த உரிமையில் முதலில் ஒரு கணக்கு கேட்கிறேன். 7,400-ஐ 24-ஆல் பெருக்கினால் 1,77,600. முன்பணம் 5,000 சேர்த்தால் 1,82,600. சொன்ன கட்டணம் 1,65,000. நடுவில் இருக்கும் 17,600 ரூபாய்க்கு என்ன பெயர்? கடையில் பில்லுக்குப் பில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடாத நீங்கள், உங்கள் சொந்தக் கணக்கில் இதைக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். குற்றம் சொல்லவில்லை. இரவு ஒன்பதரை மணிக்கு, மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "இன்னும் இரண்டு சீட்தான் மேடம்" என்ற குரலைக் கேட்டால் யாருக்கும் கணக்கு வராது. இணையவழிப் படிப்பில் சீட்டு எப்படித் தீரும் என்று அந்த நேரத்தில் தோன்றுவதில்லை.

எந்தப் படிப்பு நல்லது என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். அதற்கு முன் அணைக்க வேண்டிய நெருப்பு ஒன்று இருக்கிறது.

முதலில் அந்தக் கடன்

நீங்கள் சொன்ன ஓ.டி.பி. இரண்டில் ஒன்று, கடன் ஒப்பந்தத்துக்கு உங்கள் மின்னணுக் கையெழுத்தாக இருந்திருக்கலாம். இத்தகைய தவணைகளைப் பெரும்பாலும் படிப்பை விற்கும் நிறுவனம் தருவதில்லை. வங்கியோ வங்கியல்லாத நிதி நிறுவனமோ உங்கள் பெயரில் கடன் கொடுத்து, பணத்தை நேராகப் படிப்பு நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். வகுப்பு பிடிக்காமல் நீங்கள் நின்றாலும், அந்த நிறுவனமே மூடிக்கொண்டு போனாலும், கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

கணவர் சொன்னதைச் செய்யாதீர்கள். அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் கணக்கில் பணம் இல்லாவிட்டால் தவணை நிற்காது, திரும்பும். திரும்பும் ஒவ்வொரு முறையும் அபராதம் ஏறும். கடன் தகவல் அறிக்கையிலும் பதிவாகும். நாளைக்கு அவர் வண்டியை மாற்ற நினைத்து நீங்கள் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டி வந்தால், இந்த 7,400 அங்கே வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை எடுத்துப் பாருங்கள். புதுக் கடன் அறிக்கையில் ஏறச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், குறுஞ்செய்திப் பெட்டியையும் மின்னஞ்சலையும் சேர்த்துத் தேடுங்கள். கடன் கொடுத்தவர் பெயரும் கடன் எண்ணும் அங்கே இருக்கும். டிஜிட்டல் கடன் தருபவர், வட்டி விகிதம், கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை ஒப்பந்தத்துக்கு முன்பே தந்திருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். "வட்டியில்லாத் தவணை" என்ற பேச்சின் உண்மை அந்தத் தாளில் இருக்கும். கடனிலிருந்து தண்டம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசமும் உண்டு. அது குறைந்தது ஒரு நாள். அதற்கு மேல் எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விலகினால் அசலையும் அதுவரையிலான வட்டியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்பே சொல்லியிருந்தால் செயல்முறைக் கட்டணத்தையும் பிடித்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே என்றால், அந்த அசல் உங்களிடம் இல்லை, படிப்பு நிறுவனத்திடம் போயிருக்கிறது. ஆகவே ஒரே நாளில் இரண்டு மின்னஞ்சல்கள் போக வேண்டும். கடன் கொடுத்தவருக்கு: "இந்தக் கடனிலிருந்து விலகுகிறேன், முக்கிய விவர அறிக்கையின் நகல் தேவை." படிப்பு நிறுவனத்துக்கு: "சேர்க்கையை ரத்து செய்கிறேன், வகுப்பு எதிலும் நுழையவில்லை, பெற்ற தொகையைக் கடன் கொடுத்தவருக்கே திருப்பி அனுப்புங்கள்." இரண்டிலும் மற்றவருக்கு நகல் போடுங்கள். ஃபோனில் பேசாதீர்கள். அவர்கள் அழைத்தால், "மின்னஞ்சலில் பதில் தாருங்கள்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். இன்னொன்று: அவர்கள் அனுப்பிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கும். வேடிக்கை பார்ப்பதற்காகக்கூட உள்ளே நுழைய வேண்டாம். முதல் முறை நுழைந்ததையே 'படிப்பு தொடங்கியது' என்று நிபந்தனையில் எழுதி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு.

30 நாளில் கடன் கொடுத்தவரிடமிருந்து பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது. படிப்பு நிறுவனத்தைப் பற்றி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால், அந்த நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய வழி இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கும் கட்டணம் இல்லை. பல்கலைக்கழகங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் நீதிமன்றங்களில் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆனால் உங்களிடம் பேசியது பல்கலைக்கழகம் இல்லை, ஒரு விற்பனை நிறுவனம். அந்த வேறுபாடு உங்களுக்குச் சாதகம்.

5,000 ரூபாய் முன்பணம் திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது. போனாலும் போகட்டும். கட்டிவிட்டோமே என்பதற்காக அதன் பின்னால் இன்னும் 1,77,600-ஐ அனுப்பாதீர்கள்.

அந்தப் பட்டம் செல்லுமா?

இங்கே உங்கள் கடிதத்தில் இரண்டு எண்ணங்கள் தலைகீழாக இருக்கின்றன. இணையவழிப் பட்டம் என்றாலே மதிப்புக் குறைவு என்று நினைக்கிறீர்கள். அதே சமயம் வெளிநாட்டுப் பெயர் இருந்தால் மதிப்புக் கூடுதல் என்றும் நினைக்கிறீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம், அனுமதி பெற்ற பாடத்தில் இணையவழியாகத் தரும் பட்டம், கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். இதில் கவனிக்க வேண்டியது 'அனுமதி பெற்ற' என்ற சொல்தான். அது பல்கலைக்கழகத்துக்கும் வேண்டும், குறிப்பிட்ட படிப்புக்கும் வேண்டும், நீங்கள் சேரும் ஆண்டுக்கும் வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. விற்பனையாளர் வாட்ஸாப்பில் அனுப்பும் சான்றின் படத்தை நம்பாமல், நீங்களே தளத்தில் தேடுங்கள். 2024-இலிருந்து இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. இணையவழிப் படிப்பிலோ தொலைநிலைப் படிப்பிலோ சேரும் மாணவர், படித்த பாட அலகுகளைச் சேமித்து வைக்கும் 'ஏ.பி.சி.' கணக்கை வைத்து 'டெப் ஐ.டி.' என்ற அடையாள எண்ணை முதலில் எடுக்க வேண்டும். அதைப் பற்றி மூச்சே விடாமல் ஒருவர் உங்களை இந்தியப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் சேர்க்கிறார் என்றால், அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

வெளிநாட்டுப் பெயருக்கு வருவோம். இந்தியக் கல்வி நிறுவனங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் சேர்ந்து பட்டம் தருவதற்கு 2022-இல் விதிமுறைகள் வந்தன. அவை இணையவழிப் படிப்புக்கும் தொலைநிலைப் படிப்புக்கும் பொருந்தா என்று அவற்றிலேயே எழுதியிருக்கிறது. அங்கீகாரமற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பட்டங்களை இணையவழிக் கல்வி நிறுவனங்கள் விளம்பரம் செய்து விற்பதைப் பற்றி 2023 டிசம்பரில் மானியக் குழு வெளிப்படையாகவே எச்சரித்தது. கிளை உரிமம் பெற்று நடத்துவது போன்ற இத்தகைய ஏற்பாடுகள் அனுமதிக்கப்படுவதில்லை, அந்தப் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்பது அதன் சுருக்கம். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அதன் ஊரில் நல்ல பெயரோடு இருக்கலாம். பாடமும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் இங்கே ஓர் அரசு வேலைக்கோ மேல்படிப்புக்கோ அதை எம்.காம். போல நீட்ட முடியாது. 1,65,000 ரூபாய்க்கு உங்களுக்கு விற்றது பட்டம் என்ற சொல்லைத்தான்.

எல்லைக் கேள்விக்குச் சுருக்கமான பதில்: மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்விக்கான மையங்களைத் தங்கள் மாநிலத்துக்குள்தான் நடத்த வேண்டும். அனுமதி பெற்ற இணையவழிப் படிப்புக்கு அந்த எல்லை கிடையாது. வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் படிப்பில் தாராளமாகச் சேரலாம். தொலைநிலைப் படிப்புதான் வேண்டும் என்றால், நாடு முழுவதற்குமான இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) இருக்கிறது. கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2020-இல் தொடங்கிய ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு இப்போது இன்னொரு பட்டம் வேண்டுமா என்பதே என் சந்தேகம். எந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டு வந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: முடித்த பிறகு அந்தச் சான்றிதழை யாரிடம் நீட்டப்போகிறீர்கள்? அந்த ஆளின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு மேலாளரா, கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டரா, பி.எஸ்.சி. சரிபார்ப்பு அலுவலரா, உங்கள் முதலாளியா? ஒவ்வொருவரும் பார்ப்பது வேறு. அரசு அலுவலர் பட்டத்தின் பெயரையும் அங்கீகாரத்தையும் பார்ப்பார். ஆடிட்டர் சான்றிதழைப் பார்க்கவே மாட்டார். ஒரு கோப்பைக் கொடுத்து, "இதைச் சரிபாருங்கள்" என்பார்.

உங்கள் மேசையில் இருக்கும் பாடம்

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த பகுதி, நீங்கள் குறையாக எழுதியிருந்த ஒரு பத்தி. ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில், சரக்கு வழங்கியவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி அறிக்கை வந்ததும் அதை அச்செடுத்து, கொள்முதல் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை வரி வரியாக நகர்த்திப் பச்சை மையில் டிக் போடுகிறீர்கள். இருநூறு பில்லுக்கு இரண்டு நாள். கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனிக்காரர்கள் பில்லை ஏற்றாமல் விட்டிருந்தால் ஒவ்வொருவராக ஃபோன் செய்கிறீர்கள். "இந்த வேலையைச் செய்துகொண்டே கிழவியாகிவிடுவேன் போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

டேட்டா அனலிட்டிக்ஸ் என்று 1,65,000-க்கு விற்றார்களே, அதன் முதல் படி இதுதான். இரண்டு பட்டியல்கள், ஒத்துப்போகிறவை எவை, போகாதவை எவை, ஏன். உங்களுக்கு அந்த 'ஏன்' ஏற்கெனவே தெரியும். வழங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் 33-இல் தொடங்கினால் தமிழ்நாட்டுச் சரக்கு, அதற்கு மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. 32 என்றால் கேரளம், வரி மத்திய அரசுக்கும் மாநில அரசுக்குமாக இரண்டாகப் பிரியும். அவர்கள் பில் எண்ணை முன்னெழுத்துகளோடு ஏற்றியிருப்பார்கள், நீங்கள் வெறும் 45 என்று எழுதியிருப்பீர்கள். அதனால் கணினிக்கு இரண்டும் வேறு பில். பாலக்காட்டு எல்லையில் உட்கார்ந்து இரு மாநிலக் கணக்கையும் ஏழு ஆண்டுகள் பார்த்தவருக்குத் தெரிந்த இந்த விஷயம், எந்த முதுநிலைப் பாடத்திட்டத்திலும் இருக்காது.

தெரியாதது கருவி மட்டுமே. எக்ஸெலில் ஓர் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பிரித்தெடுப்பது, பில் எண்களில் இருக்கும் வேண்டாத எழுத்துகளை நீக்குவது, வி-லுக்அப் கொண்டு இரண்டு தாள்களை ஒப்பிடுவது, பிவட் அட்டவணை, பிறகு பவர் குவெரி. ஒழுங்காக உட்கார்ந்தால் மூன்று மாதப் பாடம். பச்சை மைக்கு இரண்டு நாள் எடுத்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிவதை உங்கள் முதலாளி பார்க்கட்டும். கணக்கு மென்பொருளான டாலியின் புதிய பதிப்புகளில் இந்த ஒப்பீட்டுக்கென்றே வசதி வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடையில் இன்னும் புதுப்பிக்கவில்லை போலும். புதுப்பித்த நாளில் டிக் போடும் வேலை போய்விடும். ஏன் ஒத்துவரவில்லை என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை மிஞ்சும். நீங்கள் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்குக் கடையின் உண்மையான கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், இணையத்தில் எங்கும் ஏற்றாதீர்கள். பெயர்களையும் எண்களையும் மாற்றிய ஒரு நகலைச் செய்துகொள்ளுங்கள். அது முதலாளிக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

இலவசம் என்றால் இளக்காரமா?

2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தை, "அது சும்மா வீடியோதானே" என்று அந்த விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். பாடங்களும், பெங்களூரு ஐ.ஐ.எம். தரும் மேலாண்மைப் பாடங்களும் இருக்கின்றன. ஆண்டுக்கு இரு பருவம், ஜனவரியிலும் ஜூலையிலும். சேரப் பணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம், என்.பி.டெல். பாடத்துக்கு சுமார் 1,000 ரூபாய். வாராந்தரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், மேற்பார்வையோடு ஒரு மையத்தில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். வீட்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி வாங்கும் சான்றிதழ்களுக்கு நடுவில், நேரில் எழுதிய தேர்வுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்துக்கான பாடங்களில் 40 சதவீதம்வரை ஸ்வயம் மூலம் படித்துச் சேர்த்துக்கொள்ளவும் 2021 விதிமுறைகள் இடம் தருகின்றன. நாளைக்கு நீங்கள் எம்.காம். சேர்ந்தால் அங்கும் இது உதவலாம்.

இலவசத்தில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் படிப்புகளைப் பற்றி 2019-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் மட்டும் பார்த்தால் 46 சதவீதம். பணம் கட்டினால் உட்காருவோம் என்பது மனித சுபாவம். விற்பனையாளர்களுக்கும் அது தெரியும். ஆனால் உட்கார வைக்க 1,000 ரூபாயே போதும். 1,65,000 தேவையில்லை. தேர்வுக்குப் பதியும் கடைசி நாள் வரும்போது, படிப்பு நமக்கு ஒத்துவருகிறதா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதன் பிறகு பணம் கட்டுங்கள்.

டேட்டா சயன்ஸ் பட்டம்தான் வேண்டும் என்ற ஆசை அப்போதும் இருந்தால், சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், வயது வரம்பு இல்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். நான்கு வாரப் பாடத்தைப் படித்து ஒரு தகுதித் தேர்வை நேரில் எழுதித் தேறினால் சேரலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. நடுவில் நிறுத்தினாலும் அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமா என்று அந்தந்தப் படிக்கு ஏதாவது கையில் கிடைக்கும். ஆனால் ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் வேண்டும், கணிதமும் புள்ளியியலும் விடாது துரத்தும். இன்றைக்கு உங்களிடம் அந்த நேரம் இல்லை. மகன் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு யோசிக்கலாம்.

ஆங்கிலமும் மலையாளமும்

"என் இங்கிலீஷ் மோசம் டீச்சர்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் இன்புட் கிரெடிட், ரிவர்ஸ் சார்ஜ், கிரெடிட் நோட், லெட்ஜர், ஈ-வே பில் என்று ஒன்றுகூடப் பிழையில்லாமல் வருகிறது. கணக்குப் பாடம் நடத்துபவர் பேசும் ஆங்கிலத்தில் பாதி உங்களுக்குத் தினமும் கடையில் பழகியதுதான். மீதிப் பாதிக்கு: வீடியோவின் வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து, ஆங்கில எழுத்துகளைக் கீழே ஓட விடுங்கள். ஒரே விரிவுரையை இரண்டு முறை கேளுங்கள். என்.பி.டெல். பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்துரையும் உண்டு. சேரும் முன் முதல் வார வீடியோவைப் பாருங்கள். இரண்டாம் முறை கேட்டும் பாதி புரியவில்லை என்றால் அந்த ஆசிரியரை விட்டு வேறு ஆசிரியரைத் தேடுங்கள். குறை உங்களிடம்தான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கைபேசியில் பாடம் கேட்கலாம், எக்ஸெல் பழக முடியாது. பழைய லேப்டாப் ஒன்றை வாங்குங்கள். அந்த இரண்டு மாதத் தவணைப் பணமும் இன்னும் கொஞ்சமும் போட்டால் கிடைக்கும். அதுவரை மதிய இடைவேளையில் கடைக் கணினியில் அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.

நாத்தனார் சொன்னதை நீங்கள் கேலியாக எழுதியிருந்தாலும் எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை. கேரள பி.எஸ்.சி. தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கென்றே எழுத்தர் பணியிடங்களை அவ்வப்போது அறிவிக்கிறது. கல்வித் தகுதி எஸ்.எஸ்.எல்.சி.தான், இரண்டு மொழியிலும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 36. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, போட்டியும் கடுமை. ஆனால் மலையாளம் சரளமாகப் பேசுவீர்கள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடைவெளியை நிரப்ப எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் வேண்டாம். கேரள எழுத்தறிவு இயக்கம் 'பச்சமலையாளம்' என்று ஒரு சான்றிதழ்ப் படிப்பே நடத்துகிறது. பி.எஸ்.சி. கிடைக்காவிட்டாலும் பாலக்காட்டு ஜி.எஸ்.டி. அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிராது. உங்கள் மகன் பள்ளியில் மலையாளம் படிக்கிறான் என்றால், மாலையில் அவனுக்கு நீங்கள் மாணவியாகிவிடலாம். பிள்ளைகளுக்கு அம்மாவைத் திருத்துவதில் ஒரு தனிச் சந்தோஷம்.

நேரத்தைப் பற்றி ஒன்று. 11-ஆம் தேதி விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதி வரி கட்டும் படிவமான 3பி. இந்த இரண்டுக்கும் முந்தைய நாட்களில் படிப்பு ஓடாது. ஓடவில்லையே என்று குற்றவுணர்வும் வேண்டாம். 21-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 8 வரை உங்களுக்குக் கிட்டத்தட்ட 18 நாள் கிடைக்கிறது. வாராந்தரப் பயிற்சியின் கடைசி நாள்களை அந்தக் காலண்டரோடு ஒட்டிப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் பருவத்தில் ஒரு பாடம் போதும்.

இன்றைக்கு எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். இரவு மகன் தூங்கிய பிறகு அந்த இரண்டு மின்னஞ்சல்களை எழுதி அனுப்பிவிடுங்கள். தமிழில் எழுதி எனக்கு அனுப்பினால் ஆங்கிலத்தில் திருத்தித் தருகிறேன். கடன் எண் கிடைத்ததா என்பதை மட்டும் நாளைக்கே தெரிவியுங்கள்.